முதுகுக்குச் சொன்ன வரலாறு

என் கைக்கு வருகிறவர்களுக்குத் தலையில் எண்ணெய் வைத்ததும் எகிப்து ஆரம்பித்துவிடும். நெற்றிப்பொட்டை அழுத்தும்போது நைல் நதியில் வெள்ளம் வரும். உச்சந்தலைக்குப் போவதற்குள் பிரமிடு எழும்பியிருக்கும். கழுத்துக்கு வந்தால் ஏதென்ஸ். சாக்ரடீஸ் விஷம் குடிப்பது அங்கேதான். தோள்பட்டை ரோமாபுரி. முதுகு அகலமான இடம், அதனால் அரேபியா, பாக்தாத், மங்கோலியக் குதிரைப்படை எல்லாம் அங்கே தாராளமாக அடங்கும். கைகளுக்கு அச்சு இயந்திரம். இடுப்புக்குப் பிரெஞ்சுப் புரட்சியும் நெப்போலியனும். தொடைக்கு நீராவி எஞ்சின், கெண்டைக்காலுக்கு ஒன்று வீதம் இரண்டு உலகப் போர். பாதத்துக்கு வரும்போது பெர்லின் சுவர் விழுந்து, மண்டேலா சிறையிலிருந்து நடந்து வெளியே வந்துவிடுவார். மொத்தம் நாற்பது நிமிடம். தலைக்கு மட்டும் போதும் என்கிற கஞ்சர்களுக்கு எகிப்தோடு சரி.

நான் மாரிச்செல்வம். எம்.ஏ. வரலாறு, பி.எட். குற்றாலம் மெயினருவிக்குப் போகிற வழியில், கடைகள் முடிகிற இடத்தில் பலகை போட்டு எண்ணெய் மசாஜ் செய்கிறேன். சீசன் இல்லாத மாதங்களில் கொத்தனாருக்குக் கையாளாகப் போவேன். படித்த படிப்புக்கும் பார்க்கிற வேலைக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்கிற ஆள் அநேகமாகத் துண்டைக் கட்டிக்கொண்டு குப்புறப் படுத்திருப்பார் என்பதால் கோபத்தைக் கட்டைவிரலில் காட்டிக்கொள்ளலாம்.

வரலாறு சொல்ல வேண்டும் என்று திட்டம் போட்டு நான் ஆரம்பிக்கவில்லை. ஆசிரியர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், வேலை செய்துகொண்டே மனப்பாடம் பண்ணுவேன். ஒருநாள் சுரண்டையிலிருந்து வந்த மிளகாய் வியாபாரி ஒருவர், "என்னவே மந்திரம் சொல்லுதீரா? சொல்லுதத சத்தமா சொல்லும்" என்றார். சொன்னேன். அடுத்த வாரம் மச்சினனையும் கூட்டிக்கொண்டு வந்தார். தேர்வில் இரண்டு மார்க்கில் போய்விட்டது, வாய் மட்டும் நிற்கவில்லை.

இவ்வளவு பேசுகிறவன் ஏன் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆகவில்லை என்பதற்கு என் வீட்டில் ஒரு கதை உண்டு. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு தனியார் பள்ளியில் மாதிரி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து, "சம்பளம் ரொம்பக் கம்மியாச் சொல்லுதாவ, வேண்டாம்னுட்டேன்" என்று என் மனைவி சண்முகசுந்தரியிடம் சொன்னேன். அன்றிலிருந்து அந்தப் பள்ளித் தாளாளர் ஆவுடைநாயகத்தை அவள் திட்டாத நாள் கிடையாது. அந்தப் பள்ளியின் வேன் தெருவில் போனால் போதும், "எம்.ஏ. படிச்சவனுக்குப் பிச்சக்காசு குடுக்கப் பாத்த கஞ்சப்பய" என்று ஆரம்பிப்பாள்.

உண்மை என்னவென்றால், ஆவுடைநாயகம் சம்பளம் பற்றிப் பேசவே இல்லை. பேசுவதற்கு நான் இடம் கொடுக்கவில்லை. கரும்பலகை முன்னால் போய் நின்றேன். நாற்பது பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். எண்பது கண். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு வார்த்தை வரவில்லை. அந்த மனிதர் என்னை வெளியே கூட்டிப்போய், டீ வாங்கிக் கொடுத்து, "இன்னொரு நாள் வாங்க தம்பி" என்று தட்டிக்கொடுத்து அனுப்பினார். நான் போகவில்லை. அவர் ஒன்பது வருடமாகத் திட்டு வாங்குகிறார்.

முதுகு அப்படியில்லை. முதுகு முறைக்காது. கொட்டாவி விட்டாலும் எனக்குத் தெரியாது. மல்லாக்கப் படுத்தாலும் கண்ணில் எண்ணெய் இறங்கிவிடும் என்று இறுக்கி மூடிக்கொள்வார்கள். பதினோரு வருடத்தில் உலக வரலாற்றை நான் எத்தனையோ ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஒருவருடைய கண்ணைக்கூடப் பார்த்துச் சொன்னதில்லை.

இந்த வருடம் ஆனி மாதச் சாரலில் முகம்மது மீரான் என்று ஒருவர் வந்தார். தென்காசிக்காரர். இருபத்தாறு வருடம் சவூதியில், தம்மாமில் இருந்துவிட்டு, முட்டிவலியோடு ஊருக்கே திரும்பி வந்தவர். கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். நெப்போலியன் ரஷ்யாவுக்குப் படை எடுத்துப் போகிற இடத்தில் சைரன் அடித்துவிட்டது. அருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவை, ஆர்ச்சைத் தாண்டி விழுகிறது என்று போலீஸ்காரர்கள் எல்லாரையும் விரட்டினார்கள். கூட வந்தவர்கள் அவரைத் துண்டோடு வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் பத்து மணிக்கு ஆள் தனியாக ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"நெப்போலியன் என்ன ஆனாரு? ராத்திரி பூரா அதே ரோசனை."

"பனியில மாட்டிக்கிட்டாரு பாய். படுங்க, சொல்லுதேன்."

பாதம் முடிந்து எழுந்து உட்கார்ந்ததும் அவர் என்னையே பார்த்தார். நான் எண்ணெய்ப் பாட்டிலை மூட ஆரம்பித்தேன். "தம்பி, எம் மவ ஜுஹைனா தென்காசில கோச்சிங் சென்டர் வச்சிருக்கா. வாத்தியார் பரிட்சைக்குப் படிக்கிறவங்களுக்கு. ஹிஸ்டரி எடுத்த சார் மதுரைக்குப் போயிட்டாரு. பரிட்சைக்கு மூணு மாசந்தான் இருக்குன்னு அவ தலையில கைய வச்சிட்டு இருக்கா. நீங்க போயி ஒரு கிளாஸ் எடுத்துக் காட்டுங்க" என்றார்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் மகளுக்குப் போன் போட்டு என் காதில் வைத்துவிட்டார். "சனிக்கிழமை பதினோரு மணிக்கு வாங்க சார். பிரெஞ்சுப் புரட்சி எடுங்க. நாப்பது நிமிஷம்" என்றது ஒரு கறாரான குரல். என்னை யாரோ சார் என்று கூப்பிட்டது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை. சரிம்மா என்றுவிட்டேன்.

வீட்டில் சொன்னதும் சண்முகசுந்தரி மடியிலிருந்த பீடி முறத்தை, எங்கள் பேச்சில் சொளவை, கீழே வைத்துவிட்டு எழுந்தாள். கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைத் தேடி இஸ்திரி போட்டாள். எம்.ஏ. சர்டிபிகேட்டைக் கவரில் போட்டு வைத்தாள். "இந்தத் தடவ சம்பளம் கம்மின்னாலும் சரின்னு சொல்லுங்க. வருசம் பூரா ஒரே வேலைன்னு இருந்தாப் போதும். வெயில்ல செங்கல் சுமக்க வேண்டாம்" என்றாள். அவளுக்கு எதிலும் சந்தேகமே இல்லை. நானோ, இந்தத் தடவையும் வாய் திறக்காவிட்டால் என்ன பொய் சொல்வது என்று மூன்று நாளாக யோசித்தேன். ஒரு நல்ல பொய்கூடக் கிடைக்கவில்லை.

சென்டர், பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தேன். அப்படியும் மார்க்கர் வழுக்கியது. சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள் என்று நினைத்துப் போனால், இருபத்தெட்டுப் பேரும் பெரியவர்கள். பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறவர்கள். முக்கால்வாசி பெண்கள். பர்தா போட்டவர்கள் ஒரு பக்கம், பூ வைத்தவர்கள் ஒரு பக்கம் என்றில்லாமல் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் பரீட்சை அட்டை. கடைசி வரிசையில் ஜுஹைனா மேடம் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். வாப்பாவின் மூக்கு.

"ஆரம்பிங்க சார்."

ஆரம்பிக்கவில்லை. இருபத்தெட்டு முகம். எனக்குப் பின்னால் இருக்கிற வெள்ளைப் பலகையைப் பார்த்தேன், மேலே மின்விசிறியைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன். முன்வரிசையில் ஒரு பெண் பேனாவைத் திறந்து தயாராக வைத்திருந்தாள். அந்தத் திறந்த பேனாதான் என்னைக் கொன்றது. தொண்டையைச் செருமினேன். ஒருவர் இருமினார். இரண்டு நிமிடம் போனது. பின்னால் யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. சண்முகசுந்தரி இஸ்திரி போட்ட சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. இறங்கி ஓடிவிடலாம் என்று மாடிப்படியைப் பார்த்தேன். கீழே போனால் ஒன்பது வருடத்துக்கு முந்தைய அதே தெரு. அதே பொய்யை இன்னொரு தடவை சொல்ல வேண்டும்.

என் வாயிலிருந்து என்ன வருகிறது என்று எனக்கே தெரியாமல் சொன்னேன்: "எல்லாரும் கொஞ்சம் திரும்பி உக்காருங்க."

"எந்தப் பக்கம் சார்?" என்றாள் பேனாக்காரி.

"அந்தப் பக்கம். எனக்கு முதுகக் காட்டி."

ஒரே சிரிப்பு. ஆனால் நாற்காலிகள் இழுபட்டன. ஏதோ புது மாதிரியான பாடமுறை என்று நினைத்திருப்பார்கள் பாவம். எல்லாரும் திரும்பி முடித்தபோது, அத்தனை முதுகுகளுக்கும் மேலாக ஒரே ஒரு முகம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜுஹைனா மேடம். நான் அவரைப் பார்த்தேன். கெஞ்சுகிற பார்வையாகத்தான் இருந்திருக்கும். அவர் பேனாவை மூடினார். எழுந்து தன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அந்த உதவியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

முன்னால் காலியாக ஒரு நாற்காலி கிடந்தது. அதன் சாய்மானத்தில் இரண்டு கையையும் வைத்தேன். இடுப்பு, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கட்டைவிரல் தானாக அழுத்தியது, வாய் திறந்தது.

"ஆயிரத்து எழுநூத்து எண்பத்தொம்பது, அக்டோபர் அஞ்சு. திங்கக்கெழமை. பாரிஸ் மார்க்கெட்டுல காய்கறி விக்கிறவங்க, மீன் விக்கிறவங்க எல்லாம் பொம்பளைங்க. காலைல கடைக்குப் போறாவ, ரொட்டி இல்ல. கெடைக்கிற ரொட்டி யானை வெல. வீட்டுல பிள்ள பசில அழுவுது. ராஜா எங்க இருக்காரு? வெர்சாய் அரண்மனைல, இருவது கிலோமீட்டர் தள்ளி. ஒருத்தி ஒரு முரசத் தூக்கி அடிக்கா. வாங்கட்டி, ராஜாவயே கேப்போம்னு கெளம்பிட்டாவ. ஏழாயிரம் பேரு. கையில ஈட்டி, தடி, அருவா. கூட பீரங்கி வேற. நல்ல மழை. இங்கன இருந்து புளியறை செக்போஸ்டத் தாண்டி ஆரியங்காவு வரைக்கும், கொட்டுத மழைல, பாவாடையெல்லாம் சேறாகி நடந்து போனா எப்படி இருக்கும்? அம்புட்டுத் தூரம். ஆறு மணி நேரம்."

முதுகுகள் அசையாமல் இருந்தன. கேட்கிற முதுகு எனக்குத் தெரியும். பதினோரு வருடமாக அதைத்தானே பார்க்கிறேன். கேட்காத முதுகு தளர்ந்து கிடக்கும். கேட்கிற முதுகு கழுத்துக்குக் கீழே ஒரு விரற்கடை நிமிர்ந்திருக்கும். இருபத்தெட்டும் நிமிர்ந்திருந்தன. எனக்குச் சந்தோஷத்தில் குரல் ஏறிவிட்டது.

"அந்த அரண்மனைல ஒரு வழக்கம் உண்டு. ராஜாவுக்கு யாரும் முதுகக் காட்டக் கூடாது. பேசிட்டு வெளிய வரும்போதுகூடப் பின்னாலயே நடந்து வரணும். இந்தப் பொம்பளைங்களுக்கு அதெல்லாம் தெரியுமா? மறுநாள் காலைல உள்ளயே புகுந்துட்டாவ. ராஜாவ, ராணிய, பிள்ளையக் கோச்சு வண்டில ஏத்தி, ராஜாவுக்கு ரொட்டிக்காரர்னு பேரு வச்சு, ரொட்டிக்காரரக் கூட்டிட்டு வாரோம்னு பாட்டுப் பாடிட்டு பாரிசுக்கே கொண்டுவந்துட்டாவ. ராஜா அதுக்கப்புறம் அந்த அரண்மனைக்குத் திரும்பிப் போகவே இல்ல."

அப்போதுதான் முன்வரிசைப் பேனாக்காரி திரும்பினாள். நாற்காலியை நகர்த்தாமல், உடம்பை மட்டும் திருப்பி நேராக என் முகத்தைப் பார்த்தாள். அவள் பெயர் அஃப்ரின் என்பது பிறகு தெரிந்தது.

"சார், ஒரு சந்தேகம். அந்தப் பொம்பளைங்க அவங்க பிள்ளைங்கள யார்ட்ட விட்டுட்டுப் போனாவ?"

எனக்குத் திக்கென்றது. எத்தனையோ ஆயிரம் இடுப்புகளுக்கு இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். ஒரு ஆம்பிளைகூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. படித்த புத்தகம் ஒவ்வொன்றாக ஞாபகத்தில் புரட்டினேன். எதிலும் இல்லை.

"தெரியலம்மா" என்றேன். "நான் படிச்ச புத்தகத்துல எதுலயும் இல்ல."

சொன்ன பிறகுதான் கவனித்தேன், அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டுதான் சொல்லியிருக்கிறேன். நாக்கு ஒட்டவில்லை. இத்தனை வருடமும் என் பயம் இதுதான் போலிருக்கிறது: எதிரே இருப்பவர் ஒன்று கேட்டு, எனக்குத் தெரியாமல் போய்விடும் என்பது. தெரியலம்மா என்று சொன்னேன், அவ்வளவுதான். கூரை இடிந்து விழவில்லை. அவள் சிரிக்கவும் இல்லை, யோசித்தாள்.

"எம் பிள்ளைய எங்க உம்மா பாத்துக்கிடுதாவ. அதனாலதான் நான் இங்கன உக்காந்து படிக்கேன். அவங்களுக்கும் அப்படி யாராச்சும் இருந்திருக்கணும்லா?" என்றாள்.

"கூட்டிட்டே போயிருப்பாவ" என்று இரண்டாம் வரிசையில் ஒரு பெண் திரும்பினாள்.

"அம்புட்டு மழைலயா? பக்கத்து வீட்டுல விட்டுருப்பாவ."

"மூத்த பொண்ணு இருந்தா அவ பாத்துருப்பா. எங்க வீட்டுல நான்தான் பாத்தேன். ரெண்டு வருசம் படிப்பு போச்சு."

ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நானும் விடவில்லை. "நல்லா யோசிங்க. நடந்து போனது ஏழாயிரம் பேருன்னு எழுதி வச்சிருக்காவ. அந்த ஏழாயிரம் பேரு வீட்டுலயும் பிள்ளையத் தூக்கி வச்சிட்டு யாரோ நின்னுருக்காவ. அவுக பேரு எங்கயும் இல்ல. அவுக நின்னதுனாலதான இவுக நடந்தாவ? அப்ப புரட்சி பண்ணுனது யாரு?" என்றேன். இதை நான் எங்கும் படிக்கவில்லை. அந்த நிமிடம் அவர்கள் சொன்னதிலிருந்து எனக்குத் தோன்றியது. சொன்னபோது உடம்பு சிலிர்த்தது.

அதன் பிறகு கேள்வி மேல் கேள்வி. அரசி என்ன ஆனாள், பீரங்கியை யார் இழுத்தார்கள், பெண்களுக்கு ஓட்டு வந்ததா. ஓட்டு வர நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று என்றதும் ஒரு பெண் ச்சே என்று அட்டையால் தொடையில் அடித்துக்கொண்டாள். அவள் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அப்போதுதான் பார்த்தேன், எல்லா முகமும் தெரிந்தது. நாற்காலிகள் எப்போது திரும்பின என்று எனக்குத் தெரியவில்லை. என் கையும் சாய்மானத்தில் இல்லை, மார்க்கரைப் பிடித்து வெர்சாய்க்கு வழி வரைந்துகொண்டிருந்தது.

ஜுஹைனா மேடம் கடைசியாகத் தன் நாற்காலியைத் திருப்பினார். கடிகாரத்தைக் காட்டினார். ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

எல்லாரும் போன பிறகு சொன்னார்: "சார், நீங்க நெப்போலியன் பக்கத்துலயே வரல. இந்த வேகத்துல போனா சிலபஸ் முடியாது."

"இன்னும் கொஞ்சம் வேகமா..."

"திங்கக்கிழமையிலருந்து வாங்க. வேகத்த நான் பாத்துக்கிடுதேன்." பேனாவை நோட்டுக்குள் வைத்து மூடினார். "முதல்ல எதுக்குத் திரும்பச் சொன்னீங்க? அது என்ன முறை?"

பாடமுறை என்று ஏதாவது பேர் சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். "பயம்மா" என்றேன். "முகத்தப் பாத்துப் பேச வராது எனக்கு. இன்னைக்குத்தான் வந்திருக்கு."

அவர் என் மார்க்கரை வாங்கி மூடினார். "நானும் முதல் மாசம் செவரப் பாத்துட்டுதான் கிளாஸ் எடுத்தேன்" என்றார்.

மேலகரத்துக்குப் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தபோது மூன்று மணி. சண்முகசுந்தரி வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மடியில் சொளவை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். என் செருப்புச் சத்தம் கேட்டதும் அவள் கை நின்றது. ஆனால் திரும்பவில்லை. திரும்ப அவளுக்குப் பயம். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வீட்டில் எத்தனையோ விஷயங்களை நான் இந்த முதுகிடம்தான் சொல்லியிருக்கிறேன். தேர்வில் போன இரண்டு மார்க்கை. கொத்தனார் வேலைக்குப் போகப்போவதை. ஆவுடைநாயகம் கதையையும் அவள் அடுப்பைப் பார்த்து நின்றபோதுதான் சொன்னேன்.

"சுந்தரி, இங்கன திரும்பு."

"சொல்லுங்க, கேக்கேன்."

"திரும்பு. மொகத்தப் பாத்துச் சொல்லணும்."

திரும்பினாள். விரலெல்லாம் புகையிலைத் தூள். "வேலை கெடச்சிட்டு. திங்கக்கெழமை வரச் சொல்லிட்டாவ" என்றேன். அவள் முகம் மலர்ந்து, கண் நிறைந்து, வாயைத் திறப்பதற்குள் நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "இன்னொண்ணும் இருக்கு" என்று, அந்தப் பழைய வகுப்பில் எண்பது கண்ணுக்கு முன்னால் நின்றதை, நாக்கு ஒட்டிக்கொண்டதை, ஆவுடைநாயகம் வாங்கிக் கொடுத்த டீயை, ஒன்று விடாமல் சொன்னேன்.

அவள் சொளவை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தாள்.

"அப்ப அந்த மனுசன் ஒண்ணுமே செய்யலயா? ஒம்பது வருசமா அந்தப் புண்ணியவானயா நான் திட்டிட்டு இருக்கேன்? போன மாசம் கோயில்ல வச்சு அவரு பொண்டாட்டி என்னயப் பாத்துச் சிரிக்கா, நான் வெடுக்குன்னு மூஞ்சியத் திருப்பிட்டு வாரேன்! டீ வேற வாங்கிக் குடுத்திருக்காரு! நீங்க மனுசனா? என்ட்ட சொல்லுததுக்கு என்ன? நான் என்ன எண்பது கண்ணா வச்சிருக்கேன்? ரெண்டு கண்ணுதான இருக்கு எனக்கு?"

திட்டிக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே நடுவில் சிரித்தாள். நாளைக்கே ஆவுடைநாயகம் வீட்டுக்குப் போய் ஸ்வீட் கொடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும், நானும் கூட வர வேண்டும், நான்தான் பேச வேண்டும் என்றாள். சரி என்றேன். மறுபடியும் முதலிலிருந்து திட்ட ஆரம்பித்தாள்.

அவள் திட்டி முடிக்கிறவரைக்கும் நான் அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.